எட்டு மூன்றும் ஓர் ஒன்றும்

மீதி ஐந்து. பலகையில் இறக்குவதற்கு இன்னும் ஒரே ஓர் இலக்கம்தான் பாக்கி இருந்தது. அது ஒன்று. ஐந்துக்குப் பக்கத்தில் அந்த ஒன்றை இறக்கினால் ஐம்பத்தொன்று.

மார்க்கர் என் விரல்களுக்கிடையில் நின்றுவிட்டது. பதினேழாம் வாய்ப்பாடு தெரிந்தவருக்கு ஐம்பத்தொன்றைப் பார்த்தாலே போதும். மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. மீதி எதுவும் வராது.

மீதி வந்தே தீரும் என்று அவ்வளவு நேரமும் மேடையில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் மண்டபம் அது. பெற்றோர் தினம். மேலே மின்விசிறிகள் வெப்பக்காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. பின்பக்கத்திலிருந்து பொரித்த மீகூன் சேமியா வாசனை வந்தது. முதல் வரிசையில் தலைமையாசிரியை சாந்தி டீச்சர். சுவரோரம் கைகளைக் கட்டியபடி நின்றவள் என் மகள் கவிதா. அந்தப் பள்ளிக்குக் கணித ஆசிரியையாக வந்து அதிக காலம் ஆகவில்லை. என்னைப் பேச அழைக்கலாம் என்று தலைமையாசிரியையிடம் சொன்னவளும் அவள்தான்.

நான் ஒன்றை இறக்கினேன். மேலே மூன்று எழுதினேன். கீழே ஐம்பத்தொன்று எழுதி, கோடு போட்டு, பூஜ்ஜியம் போட்டேன். கை தானாகவே போட்டுவிட்டது.

மண்டபம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது.

நான் கண்டெடுத்ததாக நினைத்தது

பத்திரிகையில் வரும் என் இந்தத் தொடரை இன்றுதான் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெஸ்ட் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் எண்கள் மீது ஒரு பைத்தியம் உண்டு. தொழிற்சாலைப் பேருந்தில் போகும்போது, முன்னால் போகும் வண்டியின் எண்பலகையைப் பார்த்து, அது எதனாலெல்லாம் வகுபடும் என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. என் மனைவி விஜயா இதற்காகவே என்னோடு காரில் வருவதற்கு அலுத்துக்கொள்வாள்.

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாம் அப்படித்தான். இதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

வேலையில் இருந்த கடைசி வருடங்களில் ஒருநாள், 31 பகா எண் என்பதைப் பார்த்தேன். முன்னால் இன்னொரு மூன்றைச் சேர்த்தால் 331. அதுவும் பகா எண். 3331, அதுவும். 33331, அதுவும். முதுகுத்தண்டில் சில்லென்று ஏறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கணினி எங்கள் பிரிவில் கிடந்தது. அதில் சின்ன நிரல் ஒன்று எழுதி ஓடவிட்டேன். ஏழு மூன்றும் ஓர் ஒன்றும் கொண்ட 33333331 வரை எல்லாமே பகா எண்கள்.

அடுத்ததைப் பார்ப்பதற்குள் மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிட்டார். ஒரு தொகுதி சில்லுகள் சோதனையில் தேறவில்லை என்று அங்கே பெரிய கலவரம். அந்த வேலை முடிந்து வந்தபோது கணினியை யாரோ அணைத்திருந்தார்கள்.

நான் மறுபடி அதைப் போடவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் காது சூடாகிறது. அதற்குள் சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேரிடம் சொல்லிவிட்டிருந்தேன். "எத்தனை மூணு போட்டாலும் சரி, கடைசியில ஒரு ஒண்ணு வெச்சிட்டா அது பகா எண்தான்" என்று. அவர்கள் கண்ணை விரித்தார்கள். சொன்ன பிறகு சோதிப்பதற்கு ஒன்றும் இல்லாதது போல் ஆகிவிட்டது.

சோதிக்காத சில்லு ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று வேலைக்கு வரும் புதியவர்களிடமெல்லாம் கறாராகப் பேசியவன் நான்.

"எது வரைக்கும் பார்த்தீங்க?"

பள்ளிக்குப் பேசப் போகிற அன்று காலையில், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் இரண்டாவது பாலத்தின் மேல் காரை ஓட்டிக்கொண்டே கவிதா கேட்டாள்.

"அப்பா, அந்த மூணு விஷயத்தை எது வரைக்கும் செக் பண்ணீங்க?"

"எட்டு இலக்கம் வரைக்கும்."

"மேடையில எதைப் போடப் போறீங்க?"

"ஒன்பது இலக்கம். எட்டு மூணு, ஒரு ஒண்ணு. பலகை நிறைய வரும், பார்க்க நல்லா இருக்கும்."

இடது பக்கம் கடல் தகரம் போல் வெளுத்துக் கிடந்தது.

"ஒன்பதைப் பார்க்கலையாப்பா?"

"அதே மாதிரிதான் லா வரும். இத்தனை வந்தது, அடுத்தது மட்டும் மாறிடுமா?"

"மாறாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் டெஸ்ட் டிபார்ட்மெண்ட்ல இருந்தவன்மா. எனக்கே சொல்லித் தர்றியா?"

குரலை உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் அதோடு விட்டுவிட்டாள். பாலம் போய் இறங்கும் பத்து காவான் என்ற ஊர்ப்பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் கட்டடங்களைப் பற்றிப் பேச்சு மாறியது.

பூஜ்ஜியத்துக்குக் கிடைத்த மரியாதை

மேடையில் முதலில் எல்லாம் நன்றாகவே போனது. பலகையின் உச்சியில் 333333331 என்று பெரிதாக எழுதி, அதன் கீழே "இதை எந்த எண்ணும் வகுக்காது" என்று கோடு போட்டு எழுதினேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "உங்களுக்குப் பிடிச்ச ஒரு பகா எண்ணைச் சொல்லுங்க. நான் வகுத்துக் காட்டுறேன். மீதி வராம போனா நான் மேடையை விட்டு இறங்கிடுறேன்" என்று சவால் விட்டேன்.

ஒரு தாய் ஏழு என்றார். வகுத்தேன். மீதி இரண்டு. சிரித்தார்கள். இன்னொருவர் பதின்மூன்று என்றார். மீதி ஆறு. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது.

அப்போது பின்னாலிருந்து ஜமால் பாய் கையைத் தூக்கினார். நிபோங் திபாலில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அன்றைய மீகூன் அவர் செலவு. பள்ளிக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் வந்து நிற்பவர்.

"அண்ணே, பதினேழு போடுங்க லா! நம்ம கடை நம்பர்!"

போட்டேன். அதன் முடிவைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கைதட்டல் ஏன் எழுந்தது என்று எனக்கு அந்தக் கணம் புரியவில்லை. பிறகு ஜமால் பாயின் குரல் கேட்டது. "அடேயப்பா, என் நம்பருக்குச் சரியா வந்துருச்சே!"

அவர்களைக் குறை சொல்லவே முடியாது. நாம் எல்லோரும் பள்ளியில் அப்படித்தான் கற்றோம். நீண்ட வகுத்தலின் கடைசியில் பூஜ்ஜியம் வந்தால் கணக்குச் சரி. மீதி வந்தால்தான் பயம். அவ்வளவு பெரிய எண்ணை வகுத்துக்கொண்டே போய் இவர் கடைசியில் பூஜ்ஜியத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். பலகையில் நானே எழுதிய வாக்கியத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாந்தி டீச்சரும் எழுந்து நின்று தட்டினார்.

கவிதா மட்டும் தட்டவில்லை. கட்டிய கைகளை அவிழ்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இப்போது சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள் என்பது அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

நான் சொல்லியிருக்கலாம். "நான் சொன்னது தப்பு, இந்தாங்க, உங்க கண் முன்னாலேயே உடைஞ்சிடுச்சு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மேடையை விட்டு இறங்குகிறேன் என்று சவால் வேறு விட்டிருந்தேன்.

நான் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தேன். "கணிதம் இனிமையானது" என்று ஏதோ சொல்லிப் பேச்சை முடித்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். அதன் ஜரிகை கழுத்தில் குத்தியது. அப்படியே நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்

பாலத்தின் பாதி தூரம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"யாருக்கும் தெரியலை. நல்லவேளை."

"எனக்குத் தெரியுமேப்பா."

நான் மடியில் கிடந்த பொன்னாடையை மடித்தேன்.

"நீங்க துடைச்சிட்டு இருந்தப்பவே போன்ல தேடிப் பார்த்தேன்" என்றாள். "இது கணக்குப் படிச்சவங்க நிறைய பேருக்குத் தெரிஞ்ச விஷயம். எட்டு இலக்கம் வரைக்கும் பகா எண்ணா வந்து, ஒன்பது இலக்கத்துல உடையும். அஞ்சாறு தடவை வந்துட்டா எப்பவும் வரும்னு நம்பாதீங்கன்னு சொல்றதுக்கே இதைத்தான் உதாரணமா காட்டுவாங்களாம்."

எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த விஷயம், ஊரெல்லாம் எச்சரிக்கைப் பலகையாக நட்டு வைத்திருந்த ஒன்று. நான் எந்த இடத்தில் விழுந்தேனோ அந்த இடத்தின் பெயரோடு சேர்த்து.

வீட்டுக்கு வந்ததும் விஜயா பொன்னாடையை வாங்கிப் பார்த்து, "பரவாயில்லையே, நல்ல துணியா கொடுத்திருக்காங்க" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அன்று மாலை முழுவதும் வகுத்துக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது. ஒன்பது இலக்க எண்ணைச் சரிபார்க்க வேண்டுமானால் அதன் வர்க்கமூலமான பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். மலைப்பாக இருக்கும், அதனால்தான் விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, அடுத்தது பதினேழு. ஒரு பென்சிலும் ஒரு கோப்பைத் தேநீரும் போதும். கோப்பை காலியாவதற்குள் தெரிந்திருக்கும்.

அடுத்ததான பத்து இலக்க எண்ணும் பகா எண் இல்லை. அது 673ஆல் வகுபடுகிறது. ஒன்பது இலக்க எண்ணுக்குப் பிறகு ஒவ்வொரு பதினாறு இலக்கத்துக்கும் ஒரு தடவை பதினேழு திரும்பி வந்து வரிசையை உடைக்கிறது. எத்தனை மூன்று போட்டாலும் என்று சொன்னேனே, போடப் போட அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

நீலச் சாயம்

அந்த வாரத்தின் நடுவில் கவிதா பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க நம்பரைக் கணித அறைக்கு வெளியே சுவர்ல எழுதப் போறாங்க. பெரிய டீச்சர் முடிவு பண்ணிட்டாங்க. சாயத்துக்கு ஜமால் பாய் காசு. எண்ணு, அதுக்குக் கீழ பகா எண்ணுன்னு, அதுக்குக் கீழ உங்க பேரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை."

"சொல்லியிருக்கலாமே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னா அப்பாவைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாட்டி, தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய்த்தான் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கணும். நீங்களே சொல்லுங்கப்பா, எது பரவாயில்லை?"

அப்போதும் நான் உடனே கிளம்பவில்லை. தலைமையாசிரியை மறந்துவிடுவார், சாயம் வாங்கத் தாமதமாகும், மழை பெய்யும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் காலை கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஜமால் பாய். வெளிர்மஞ்சள் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, எட்டு மூன்றும் ஓர் ஒன்றும் நீல நிறத்தில் மின்னின. "சூப்பர் லா அண்ணே" என்று கீழே எழுதியிருந்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

"கை தட்டிட்டீங்களே"

நான் போய்ச் சேர்ந்தபோது சாயம் அடிப்பவர் ஏணியில் நின்று "ப" என்ற எழுத்தை முடித்திருந்தார். அதற்குக் கீழே என் பெயர் பென்சிலால் மட்டும் வரையப்பட்டிருந்தது. ஜமால் பாய் அவருக்குத் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் கொண்டுவந்து நின்றார். சாந்தி டீச்சர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து வந்தார்.

"சார், நேர்லயே பார்க்க வந்துட்டீங்களா?"

"டீச்சர், இதை எழுதாதீங்க. இது பகா எண் இல்லை."

அவருக்குப் புரியவில்லை. நான் சுவரைக் காட்டி, "அன்னைக்குப் பதினேழு மீதியில்லாம வகுத்துடுச்சில்ல. அப்படி வகுத்தா அது எப்படிப் பகா எண்ணா இருக்கும்?" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கணிதம் படிப்பித்துத்தான் தலைமையாசிரியை ஆனவர் அவர்.

"நானும் எழுந்து நின்னு கை தட்டினேனே, சார்."

சுவரில் இருந்த எண்ணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க எல்லாரும் கை தட்டிட்டீங்களே, டீச்சர்."

விளக்கம் சொல்வதாகத்தான் நினைத்தேன். வாயை விட்டு வெளியே வந்ததும்தான் அது அவர்கள் மேல் நான் போடும் பழியாக ஒலித்தது எனக்கே கேட்டது.

"அப்போ நாங்க தட்டினதாலதான் நீங்க துடைச்சீங்க, அப்படித்தானே?" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

"இல்லை டீச்சர். எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான்."

ஜமால் பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என் கடை நம்பர்தான் உடைச்சதா?" என்று கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் வீட்ல பிள்ளைங்க கிட்டலாம் சொல்லிட்டேன் லா, அண்ணே. ஒரு நம்பர் இருக்கு, எதுவும் உடைக்க முடியாதுன்னு. நீங்க சொன்னீங்கன்னு."

"தப்பா சொல்லிட்டேன், பாய். மன்னிச்சிருங்க."

"சரி லா, விடுங்க. இன்னைக்குப் போய் மாத்திச் சொல்லிடுறேன்" என்றார். அந்தப் பெரிய மனது எனக்கு அப்போது இன்னும் கனமாக இருந்தது.

எந்த மூன்றை அழிப்பது?

ஓய்வு நேரத்து மணி அடித்ததும் கவிதா வகுப்பிலிருந்து வெளியே வந்தாள். நான் அங்கே நிற்பதைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொண்டாள். நேராகச் சாந்தி டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், சாயத்தை முழுக்க அழிக்க வேணாம். ஒரே ஒரு மூணை எடுத்துட்டா, ஏழு மூணும் ஒரு ஒண்ணும் இருக்கும். அது நிஜமாவே பகா எண். நேத்து நானே சோதிச்சுப் பார்த்துட்டேன்."

என் கணினி அதை முன்பே சொல்லியிருந்தது. இருந்தும் அவள் தானாகச் சோதித்திருக்கிறாள். அது சரிதான். இனி நான் சொன்னேன் என்பதற்காக அவள் எதையும் ஏற்கப் போவதில்லை.

சாயம் அடிப்பவர் ஏணியிலிருந்து குனிந்து கேட்டார். "எந்த மூணை அழிக்கட்டும்?"

சாந்தி டீச்சருக்கு அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது. "எதை அழிச்சாலும் ஒண்ணுதான்பா."

அவர் முதல் மூன்றை வெளிர்மஞ்சளால் மூடினார். நீலம் உள்ளிருந்து கசிந்து தெரிந்ததால் மறுபடி ஒரு பூச்சு பூசினார். எண் இப்போது சுவரின் நடுவில் இல்லாமல் வலது பக்கம் ஒதுங்கி நிற்கிறது. இடது பக்கம் ஒரு புதிய மஞ்சள் திட்டு. என் பெயரை டீச்சரே அழிப்பான் வாங்கி அழித்தார். நான் கேட்பதற்கு முன்பே அழித்துவிட்டார்.

எங்க அப்பா

இது நடந்து கொஞ்ச நாள் கழித்து, கவிதாவின் கார் பட்டறையில் கிடந்ததால், அவளை அழைத்துவர நான் போயிருந்தேன். பள்ளி விடுவதற்கு இன்னும் நேரமிருந்தது. வராந்தாவில் நடந்து கணித அறையை நெருங்கியபோது உள்ளே அவள் குரல் கேட்டது. அந்த எண் ஏன் ஓரமாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினேழால் வகுத்துக் காட்டினாள். பூஜ்ஜியம் வந்ததும் வகுப்பில் யாரும் கை தட்டவில்லை. "ஐயோ" என்றார்கள்.

"யாரு டீச்சர் தப்பா சொன்னது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

வகுப்பில் கேட்டால் யாரோ ஒருவர் என்று சொல்லும்படி கவிதாவிடம் முன்பே கெஞ்சியிருந்தேன். யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

"எங்க அப்பா" என்றாள் கவிதா.

"அவருக்குத் தெரிஞ்சும் அன்னைக்குச் சொல்லலை. அப்புறம் அவரே வந்து சொன்னாரு" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

சத்தமில்லாமல் திரும்பி நடந்தேன். காருக்குப் போய்க் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வெயிலில் நின்ற கார், உள்ளே அனலாக இருந்தது. இறக்கத் தோன்றவில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் கலைந்த பிறகு அவள் வந்து கதவைத் திறந்தாள்.

"என்னாப்பா, இப்படி வேர்த்திருக்கு? வந்து ரொம்ப நேரமாச்சா?"

"இல்லம்மா, இப்பதான் வந்தேன்."

சாவியைத் திருகினேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

"இல்லம்மா. அப்பவே வந்துட்டேன். வெளியே நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டு, "சரிப்பா, போகலாம்" என்றாள்.